ஆறு இருபதுக்கு எழுந்து போனவர்

ஆடி மாதமும் இஸ்லாமியரின் நோன்பு மாதமும் ஒன்றாக வந்த ஒரு வருஷத்தில், ஆம்பூரில் ஒரு சிறிய சிவன் கோயில் மேடையில் அமர்ந்து நான் சொன்ன ஒரு வாக்கியம், கீழே அமர்ந்திருந்த ஒருவரைத் தம் சொல் தவறச் செய்தது. அதனால் இரண்டு குடும்பங்களின் பிழைப்பு அன்று மாலை ஒரு மணி நேரம் ஊசலாடியது. இறைவனின் அருளைப் பற்றியும், சொன்ன சொல் காக்கும் மனிதர்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோதே அதை நான் செய்தேன் என்பதுதான் இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி. நல்லவேளையாக, அந்த வெட்கத்தோடு மட்டும் அது முடியவில்லை.

நான் குடியாத்தத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். என் தந்தையார் லுங்கி நெய்தபடியே பதிகம் பாடுவார். தறி ஓடும்வரை பாட்டும் ஓடும். நூல் அறுந்தால் பாட்டும் நிற்கும். முடிச்சுப் போட்டபின், விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார். ஒருநாளும் முதலடிக்குத் திரும்பியதில்லை. பழைய பாடல்களை நான் ஏட்டிலிருந்து கற்கும் முன்பே, அறுந்த இடங்களோடு அவர் வாயிலிருந்து கற்றுவிட்டேன். பின்னாளில், தோல், செருப்புக் கம்பெனிகள் நிறைந்த ஆம்பூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. பகலெல்லாம் கோப்புகளுக்குக் கொடுத்த குரலை மாலையில் கோயிலுக்குக் கொடுத்தேன். எழுபதுகள் முடிவதற்குள் சுற்றுவட்டாரத்தில் எனக்கென்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பாடலின் கடைசி அடியை நான் இழுத்து நிறுத்தினால், நூறு பேர் மூச்சை நிறுத்துவார்கள். அந்த அமைதியை இறைவனுக்குரியது என்று வாயால் சொல்லிக்கொண்டே, மனத்தால் எனக்குரியதாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தேன்.

அந்த ஆடியில் பன்னிரண்டு நாள் தொடர்ப் பிரசங்கம். ஐந்தரை மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியும். அந்தப் பன்னிரண்டு நாளும், மதியத்துக்குப் பிறகு பிரசங்கம் முடியும்வரை தண்ணீர்கூட அருந்துவதில்லை என்பது நான் வைத்துக்கொண்ட நியமம். முதல் அரை மணி பாடலும் பொருளும். அதன்பின் ஓர் அடியவர் கதை. கதையை ஆறேகால் வாக்கில் ஏறுமுகத்துக்குக் கொண்டுபோவேன். இறைவன் எந்த வேடத்தில் வரப்போகிறார் என்று கூட்டம் காத்திருக்கும்போது, சற்று நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலிக்கும். அது முடியும்வரை நான் கண்ணை மூடி அமர்ந்திருப்பேன். மரியாதைக்காக அப்படிச் செய்வதாக ஊர் நினைத்தது. அந்த இடைவெளி கதைக்கு நல்ல பலத்தைக் கொடுத்தது என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் நாளிலிருந்தே ஒருவரைக் கவனித்தேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கூட்டத்தோடு சேராமல், வில்வ மரத்தடியில், காற்று வெளிப்பக்கம் போகும் ஓரத்தில் உட்கார்வார். தோல் கம்பெனியில் வேலை செய்பவர்களைக் குளித்த பிறகும் அந்த வாடை முழுக்க விடுவதில்லை. தம்மால் பிறருக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று அவராகவே அந்த இடத்தைத் தேர்ந்துகொண்டிருந்தார். அவ்வளவு ஓரத்தில் ஏன் உட்கார்கிறார் என்று நான் யோசித்ததில்லை. ஆனால் கடிகாரத்தில் ஆறு இருபது ஆனதும், கதை எங்கே நின்றாலும், எழுந்து கைகூப்பிவிட்டுப் போய்விடுவார் என்பதை மட்டும் நன்றாக யோசித்தேன். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். நான்காம் நாள் அவர் எழுந்தபோது என் குரல் ஒருகணம் தடுமாறிற்று. நூறு பேர் அசையாமல் இருக்கும்போது ஒருவர் எழுந்து போவது, நூறு பேரும் எழுந்து போவதைவிட உறுத்தும்.

ஐந்தாம் நாள் நான் சொன்னது, எங்கள் பக்கத்துச் செவிவழிக் கதை ஒன்று. ஓர் ஏரியின் மதகைக் காக்கும் எளிய மனிதர். ஊரில் சுவாமி புறப்பாடு. அன்று பார்த்துப் பெருமழை. ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் திருவிழாவுக்குப் போய்விட, மதகை விட்டு அவரால் நகர முடியவில்லை. 'உன்னைக் காண வருகிறேன் என்று சொல்லியிருந்தேனே' என்று அழுதபடி கரையில் நிற்கிறார். அப்போது தூரத்தில், தாழங்குடை பிடித்தபடி, ஒரு கிழவர் கரைமேல் நடந்து வருகிறார்.

மணி ஆறு இருபது. வில்வ மரத்தடியில் அவர் எழுந்தார்.

நான் கதையை நிறுத்தினேன். "இறைவன் வருகிற நேரம் பார்த்து எழுந்து போகிறவர்களும் நம்மில் உண்டு. உள்ளே இருக்கும் சுவாமியைவிட, வெளியே விட்டு வந்த செருப்பின் மேல்தான் அவர்களுக்குக் கவனம்" என்றேன்.

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் வழக்கமாக உட்காரும் மளிகைக் கடைக்காரர், "ஆம்பூர்ல செருப்புக்கா சாமி பஞ்சம்?" என்று எடுத்துக்கொடுத்தார். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. நானும் புன்னகைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. பிறகு மெல்ல உட்கார்ந்துவிட்டார். எனக்கு வெற்றியாக இருந்தது. கதையைத் தொடர்ந்தேன். பாங்கு ஒலித்தது, கண்ணை மூடினேன், திறந்தேன். அவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். அவருடைய பார்வை மட்டும் என்மேல் இல்லை. பள்ளிவாசல் இருந்த திசையில் இருந்தது. கதையை முடித்து, பொருள் சொல்லி, மங்களம் பாடி, ஏழு மணிக்குக் கற்பூரம் காட்டினோம். விபூதித் தட்டு மரத்தடிக்குப் போவதற்குள் அவர் எழுந்து ஓடினார். உண்மையாகவே ஓடினார். வாசலில் செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் மேடைக்குக் கீழே வந்து நின்றார். கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

"சாமி, தப்பா நெனச்சிக்காதீங்க. அந்த மரத்தாண்ட குந்தியிருந்தாரே, அவரு எங்க வூட்டுக்காரரு. அவரு சும்மா எழுந்து போகல."

"எங்கே போகிறார் அம்மா?"

"கம்பெனிக்கு. பாய் நோன்பு தொறக்கப் போவணும். இவரு போய் டிரம்மாண்ட நின்னாத்தான் அவரு போவ முடியும்."

அந்த அம்மாள் சொன்னதை, எனக்கு விளங்கிய அளவில் இங்கே எழுதுகிறேன். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோலை, சுண்ணாம்பு போகக் கழுவி, பெரிய மர டிரம்மில் மருந்து நீரோடு சுழல விடுவார்கள். தோல் மெத்தென்று ஆவதற்கான கட்டம் அது. எவ்வளவு நேரம் சுழல வேண்டும் என்பதைக் கடிகாரம் சொல்லாது. அன்றைய வெயில், தோலின் கனம், தண்ணீரின் சூடு எல்லாம் சேர்ந்துதான் சொல்லும். அனுபவம் உள்ளவர் தோலை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் பட்ட பள்ளம் அப்படியே நின்றால் பக்குவம். நிமிர்ந்து கொண்டால் இன்னும் ஆகவில்லை. தாமதித்துவிட்டால் தோலின் மேற்பரப்பே தளர்ந்து, கையோடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதன்பின் அந்தத் தோல் எதற்கும் ஆகாது. அந்தக் கட்டைவிரல் அந்தக் கம்பெனியில் அந்த அம்மாளின் கணவருக்குத்தான் இருந்தது. அவர் காலை முறை. அவருடைய நண்பர் பாய் மாலை முறை. மற்ற மாதங்களில் காலை முறை முடிவதற்குள்ளேயே தோல் பக்குவமாகிவிடும். நோன்பு மாதத்தில் மட்டும் டிரம்மைத் தாமதமாக ஓட்டுவதால், தோல் பக்குவமாகும் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் ஒன்றாக வந்துவிடும். அதனால் பன்னிரண்டு வருஷமாக, யாரும் சொல்லாமல், தம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து குளித்தவர், மாலையில் மறுபடியும் போய் ஒரு மணி நேரம் நிற்பார். பாய் நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வருவார். ஆடிக் கிருத்திகைக்கு இவர் காவடி எடுத்து மலைக்குப் போகும் இரண்டு நாள் டிரம் ஓடாது; இவருடைய மற்ற வேலைகளையும் சேர்த்துப் பாய் பார்ப்பார். இதுதான் அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம். காகிதம் இல்லை, சாட்சி இல்லை.

"அந்தத் தோலு கெட்டுச்சின்னா ரெண்டு பேரையும் நிறுத்திடுவாங்க சாமி. போன வருசம் பக்கத்துக் கம்பெனில அப்படித்தான் ஆச்சு. மறுநாளு காலைல கேட்டாண்டயே திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார் அந்த அம்மாள். பிறகு, "அவரு போயிருக்கணும். நீங்க சொன்னதும் போவ மாட்டாம குந்திட்டாரு. சாமி சொல்லு மீறக் கூடாதுன்னு" என்று சேர்த்தார்.

வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு மிஞ்சியிருந்தது. அவரே தைத்தது போலும், குதிகாலில் தேய்ந்திருந்தது. அந்த அம்மாள் அதை எடுக்கக் குனிந்தார்.

"நான் எடுத்துக்கொண்டு போகிறேன் அம்மா. வழி மட்டும் சொல்லுங்கள்."

"ஐயையோ, வேணாம் சாமி. நீங்க அதைத் தொடக் கூடாது."

"மேடையிலிருந்தே தொட்டுவிட்டேன்" என்றேன். அவருக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை, தடுக்கவில்லை.

பாலாற்றங்கரையை ஒட்டிய கம்பெனி அது. கோயிலிலிருந்து கால் மணி நடை. நெற்றியில் விபூதி, கழுத்தில் உருத்திராக்கம், கையில் ஒரு ஜோடி செருப்பு. கடைத்தெருவில் தெரிந்த முகங்கள் இரண்டு மூன்று எதிர்ப்பட்டன. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவும் என்னிடம் நேரம் இல்லை. நடக்க நடக்க ஒரு வேண்டுதல்தான் வந்துகொண்டிருந்தது. ஆயிரம் பாடல் தெரிந்த எனக்கு, அப்போது ஒரு பாடலும் வரவில்லை. 'அந்தத் தோல் கெடக் கூடாது' என்று மட்டும் சொல்லிக்கொண்டே நடந்தேன். இவ்வளவு சிறிய, இவ்வளவு வாடை வீசும் விண்ணப்பத்தை அதற்கு முன் நான் இறைவனிடம் வைத்ததில்லை.

வாயிற்காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சாமி, செருப்பு விக்க வந்தீங்களா? இங்க தோல் வேலைதான். செருப்பு அடுத்த தெருவு."

"இந்தச் செருப்புக்கு உரியவர் உள்ளே இருக்கிறார். ஓடி வந்திருப்பார்."

அவர் முகம் மாறிற்று. "நீங்கதான் அந்தப் பிரசங்கி சாமியா?" என்று மட்டும் கேட்டார். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. "உள்ள போங்க. கொஞ்சம் வழுக்கும். பாத்து."

டிரம் நின்றிருந்தது. அந்தக் கூடத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. தரையில் ஈரத் தோல்கள் குவிந்திருந்தன. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் அவர் மண்டியிட்டு அமர்ந்து, ஒவ்வொரு தோலாக எடுத்து, கழுத்துப் பக்கம் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, ஓரத்தில் ஒருமுறை என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததை உணர்ந்தாரா என்று தெரியவில்லை, திரும்பவில்லை. சற்றுத் தள்ளி, சுவரோரம், கழுவிய கைகளோடு ஒருவர் தொழுதுகொண்டிருந்தார். அவர்தான் பாய் என்று சொல்லாமலே தெரிந்தது.

இருவருக்கும் நடுவில், கையில் செருப்போடு நின்றேன். ஒருவர் இறைவனை வணங்கிக்கொண்டிருந்தார். மற்றவர் தோலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அசையக் கூடாது என்று தோன்றியது இரண்டுக்காகவும்தான்.

நாற்பது தோலாவது பார்த்திருப்பார். பிறகு கையை முழங்காலில் துடைத்துக்கொண்டார்.

"சரியா கீது" என்றார், யாரையும் பார்க்காமல்.

பாய் அப்போதுதான் தொழுகையை முடித்து எழுந்து வந்தார். இவரைவிட வயதில் இளையவர், மெலிந்தவர். "நான்தான் அப்பவே சொன்னேனே. நீ ஒத்தொத்தையா எடுத்து ஒரு தபா பாக்கணும், அப்பத்தான் உனக்குச் சோறு எறங்கும்" என்றார்.

"எப்ப தண்ணிய தொறந்து வுட்டே?"

"பாங்கு சொல்லி ஒரு பத்து நிமிசம் இருக்கும். விரல வெச்சேன், நின்னுச்சு. இன்னொரு தோலு எடுத்தேன், அதுவும் நின்னுச்சு. மருந்துத் தண்ணிய எறக்கிட்டு பச்சத் தண்ணிய வுட்டுட்டேன்."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"பன்னெண்டு வருசமா உன் கட்டைவிரலத்தானே பாத்துனு நிக்கிறேன். சினிமாவா பாத்தேன்?"

இவர் சிரிக்கவில்லை. "நோன்பு?" என்று கேட்டார். அதைக் கேட்கத்தான் அத்தனை நேரம் தயங்கினார் என்று எனக்குத் தோன்றிற்று.

"தொறந்துட்டேன். கைல இந்தத் தண்ணி. வாட்ச்மேன் வந்து வாயில ஒரு பேரீச்சம்பழம் வெச்சி தண்ணி ஊத்தினாரு. தொழுகைதான் கொஞ்சம் தள்ளிப் போச்சு. அல்லாவுக்குத் தெரியும் டிரம்மு நிக்காதுன்னு." அவர் இவருடைய தோளில் ஈரக் கையை வைத்தார். "நீ வரலன்னா, வர முடியாம எங்கயோ மாட்டினு கீறேன்னு அர்த்தம். பேஜார்ல எதுனா கீறியான்னுதான் பயம். தோலப் பத்தி இல்ல."

அப்போதுதான் இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் இருந்ததையும் பார்த்தார்கள். அவர் பதறி எழுந்தார். "சாமி, நீங்க போயி இத…"

நான் செருப்பை அவர் காலருகே வைத்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தபோது அடுக்கு கலைந்துவிட்டது. "தெரியாமல் பேசிவிட்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றேன். பிரசங்கியாகி அத்தனை வருஷத்தில் அதைவிடச் சிறிய வாக்கியத்தை நான் பேசியதில்லை.

அவர் செருப்பை ஈரம் படாமல் தள்ளி வைத்தார். "அது பரவால்ல சாமி. ஆனா நான் ஏன் எழுந்து போறேன்னா… உங்க கதையில கடைசீல எப்படியும் ஈசன் வந்துடுவாரு. அது எனக்குத் தெரியும். டிரம்முக்கு நான் போனாத்தான் உண்டு."

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலச் சொன்னார். பிறகு அவரே இரக்கப்பட்டுப் பேச்சை மாற்றினார். "அந்தக் கொடை புடிச்சினு வந்த கிழவரு இன்னா ஆனாரு சாமி?"

"இன்று முழுக் கதையும் கேட்டீர்களே?"

"குந்தினுதான் இருந்தேன். ஒண்ணும் காதுல ஏறல. டிரம்மு சுத்துற சத்தந்தான் கேட்டுனு இருந்திச்சு."

ஈரத் தரையில், தோல் குவியலுக்குப் பக்கத்தில், விட்ட இடத்திலிருந்து அந்தக் கதையைச் சொன்னேன். குடை பிடித்த கிழவர் மதகருகே வருகிறார். 'ஏனப்பா அழுகிறாய்' என்று கேட்கிறார். மதகு காப்பவர் சொல்கிறார்: 'சுவாமியைக் காண வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மதகை விட்டுப் போனால் ஊர் போய்விடும். போகாவிட்டால் என் சொல் போய்விடும்.' கிழவர் குடையை அவர் கையில் கொடுத்து, 'நீ போய்ப் பார்த்துவிட்டு வா. அதுவரை நான் நிற்கிறேன்' என்கிறார். அவர் ஓடிப்போய்ப் பார்த்தால் தேரில் சுவாமி இல்லை. திரும்பி ஓடி வந்து பார்த்தால், கரை முழுதும் விபூதி மணம். மதகு காக்கப்பட்டிருந்தது.

பாய் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அப்ப ஆளு மாத்தி வுடத்தான் வந்தாரா உங்க சாமி?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

"இவரு தெனம் பண்றதுதானே அது."

அந்தக் கதையை அதற்கு முன் எத்தனையோ ஊர்களில் சொல்லியிருக்கிறேன். குடியாத்தத்தில், ராணிப்பேட்டையில், வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு மண்டபத்தில். இறைவன் என்ன வேடத்தில் வந்தார் என்பதில் என் குரலை ஏற்றுவேன். என்ன வேலையாக வந்தார் என்பதில் ஒருநாளும் நிறுத்தியதில்லை. இன்னொருவர் போய்வரும்படி அவருடைய இடத்தில் சற்று நேரம் நின்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. அன்று கதையைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அதே வேலைக்காக எழுந்த மனிதரை உட்கார வைத்துவிட்டு, நான் அருளைப் பற்றிப் பேசினேன்.

அருள் மழை போன்றது, நம் தகுதி பார்த்துப் பெய்வதில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்று அந்தத் தோல் கெடாமல் இருந்ததற்கு நான் நன்றி சொல்ல முற்பட்டபோது, நன்றி எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியவில்லை. என் வேண்டுதல் கேட்கப்படுவதற்கு முன்பே பாய் மருந்து நீரைத் திறந்துவிட்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்குவம் தெரிந்தது, பன்னிரண்டு நோன்பு மாதமாக ஒருவர் தவறாமல் வந்து அவர் எதிரில் விரல் வைத்துப் பார்த்ததால். ஒருவர் காத்த சொல், அவரே வர முடியாத நாளில், இன்னொருவர் கைவிரலாக வந்து நின்றது. இறைவன் இதில் எந்த இடத்தில் வந்தார் என்று கேட்டால், வராத இடம் எது என்றுதான் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

அதற்குள் வாயிற்காவலர் ஒரு தூக்குப் பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து பாயிடம் கொடுத்தார். பாய் ஒரு குவளையில் ஊற்றி என் பக்கம் நீட்டப் போனார்.

"யோவ், அதுல கறி கீது" என்று இவர் கையைப் பிடித்தார். "சாமி சைவம்."

"அடச்சே, மறந்தே போச்சு. சாமி மூஞ்சப் பாத்தா ரொம்ப நேரமா பசியா கீற மாதிரி கீது, அதான்."

"மதியத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிரசங்கம் முடியும்வரை குடிப்பதில்லை" என்றேன்.

பாய் என்னை வியப்போடு பார்த்தார். "அப்ப நீங்களும் நோன்பா?" காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். "இதுல கறி இல்ல."

மூவரும் சிரித்தோம். வாயிற்காவலர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். செருப்பைத் தூக்கி வந்த கையால் அந்தப் பழத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அந்த இனிப்பு தொண்டையில் இறங்கிய பிறகுதான், வழிநெடுக நான் பிடித்து வைத்திருந்த மூச்சு முழுதாக வெளியே வந்தது.

மறுநாள் கோயில் நிர்வாகியிடம், பிரசங்கத்தை ஐந்து மணிக்கே தொடங்கலாமா என்று கேட்டேன். "அஞ்சு மணிக்கு யாரு சாமி வருவாங்க? கம்பெனிலேர்ந்து வந்து கை கால் கழுவவே அஞ்சரை ஆயிடுது" என்றார். அதனால் வேறொன்று செய்தேன். கதையை முன்னால் வைத்து, ஆறு இருபதுக்குள் முடித்துவிட்டு, பாடலையும் பொருளையும் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"கதை முடிஞ்சிட்டா மத்தவங்களும் எழுந்து போயிடுவாங்களே" என்றார் நிர்வாகி.

அவர் சொன்னது பலித்தது. மீதமிருந்த ஏழு நாளும் ஆறரைக்குமேல் கூட்டம் பாதிதான். அந்தப் பாதிக் கூட்டத்துக்கு முன்னால், யாரும் மூச்சை நிறுத்தாத அமைதியில், பாடல்களுக்குப் பொருள் சொல்லப் பழகிக்கொண்டேன். எனக்கு அது நல்ல மருந்தாக இருந்தது.

ஆறாம் நாள் தொடக்கத்திலேயே, முந்தைய நாள் நான் செய்த பிழையை மேடையிலிருந்தே சொன்னேன். இகழ்ந்த இடத்தில்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும். வில்வ மரத்தடியில் அவர் தலையைக் குனிந்துகொண்டார்; புகழ்ச்சியைவிட இகழ்ச்சியே அவருக்கு எளிதாக இருந்திருக்கும் போல. பெண்கள் பக்கத்தில் அவருடைய மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. பிறகு கதையைத் தொடங்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முடித்தேன்.

ஆறு இருபதுக்கு அவர் எழுந்தார். கைகூப்பினார். இந்த முறை நானும் கைகூப்பினேன். முன்வரிசை மளிகைக் கடைக்காரர் பின்னால் திரும்பி, "வழி வுடுங்கப்பா, டிரம்மு ஆளு போறாரு" என்றார். பாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டார்கள். வாசலில் குனிந்து, நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் போனார்.

கதைக்குச் சற்று நேரம் பொருள் சொல்லிவிட்டுப் பாடலைத் தொடங்கினேன். மூன்றாவது அடியில் பாங்கு ஒலித்தது. வழக்கம்போல நிறுத்தினேன். ஆனால் அன்று கண்ணை மூடவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் ஒருவர் டிரம்மருகே வந்து சேர்ந்திருப்பார். இன்னொருவர் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியிருப்பார். பாங்கு முடிந்தது. முதலடிக்குப் போகாமல், விட்ட சொல்லிலிருந்தே பாடினேன்.